நான்கு மடங்கு பெரிய காக்ஸ் என்ஜினைக் கடைந்து ஓட்டிய பதிவு

சென்ற வாரம், தொட்டியில் ஊற்றிய 320 மில்லிலிட்டர் எரிபொருளும் தீரும்வரை, 9 நிமிடம் 40 விநாடிகள், இந்த என்ஜின் இடையில் நிற்காமல் ஓடியது. அந்த நிலைக்கு வர 14 மாதங்கள் ஆயின. இடையில் இரண்டு பிஸ்டன்களும் ஒரு சிலிண்டரும் மூன்று ரீட் தகடுகளும் (கலவையை உள்ளே மட்டும் விடும் மெல்லிய வால்வுத் தகடுகள்) வீணாயின. எந்த வரிசையில் வேலை செய்தேன், எங்கெங்கே தவறினேன் என்பதை அளவுகளோடு எழுதிவைக்கிறேன். இதே வேலையில் இறங்க நினைப்பவருக்கு அந்த இரும்பாவது மிஞ்சட்டும்.

நான் மாதிரியாக எடுத்துக்கொண்டது காக்ஸ் ‘பேப் பீ’. அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சாண்டா ஆனா நகரில் லீராய் காக்ஸ் நடத்திய நிறுவனம் 1950-களில் கொண்டுவந்த 0.049 கன அங்குல விமான மாதிரி என்ஜின் அது. ‘அரை ஏ’ என்ற போட்டி வகுப்பின் உச்சவரம்பு 0.050 கன அங்குலம் என்பதால்தான் அந்த விசித்திரமான எண் வந்தது. கட்டைவிரல் அளவே உள்ள அந்த என்ஜினில் பிஸ்டன் வளையம் கிடையாது, பிஸ்டன் பின் கிடையாது, தனியாக ஒரு கார்புரேட்டரும் கிடையாது. சிலிண்டர், தண்டு சுழலும் கூடான கிராங்க் கேஸுக்குள் மரையால் இறங்குகிறது. தலைப்பகுதி சிலிண்டருக்குள் மரையால் இறங்குகிறது. எரிபொருள் தொட்டியே பின்புறத் தாங்கியாகவும் இருக்கிறது. இவ்வளவு குறைந்த உறுப்புகளில் இவ்வளவு தெளிவாகச் சிந்திக்கப்பட்ட இன்னொரு என்ஜினை நான் கையில் எடுத்ததில்லை. பெரிதாக்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசைக்கு அதுவே காரணம்.

என்னிடம் இருந்த பழைய பேப் பீயில் அழுத்தம் போய்விட்டது, ஆனால் அளவெடுக்க அது போதுமானதாக இருந்தது. உள்விட்டம் 10.31 மி.மீ., பிஸ்டன் வீச்சு 9.80 மி.மீ. என் லேத்தின் (கடைசல் எந்திரத்தின்) பிடிப்பானான சக் பாதுகாப்பாகப் பிடிக்கக்கூடிய பெரிய உருளை 65 மி.மீ. என்பதால், நான்கு மடங்குக்கு மேல் போக வழியில்லை. ஆகவே உள்விட்டம் 41.2 மி.மீ., வீச்சு 39.2 மி.மீ. என்று முடிவாயிற்று. நீள அகலங்கள் நான்கு மடங்கானால் கொள்ளளவு 64 மடங்காகும், 0.8 சி.சி. என்ஜின் 52 சி.சி. என்ஜினாக மாறுகிறது. வெளியேற்றுத் துளை, கலவையைச் சிலிண்டருக்குள் விடும் மாற்றுத் துளை ஆகியவை திறந்து மூடும் கோணங்களைப் பழைய என்ஜினின் தண்டில் பாகைத் தட்டு ஒன்றைப் பொருத்திக் குறித்துக்கொண்டேன். கோணங்கள் பெருக்கலுக்கு உட்படுவதில்லை என்பது ஒரு நிம்மதி.

முதலில் எடுத்தது சிலிண்டர். மூலத்தைப் போலவே, குளிர்விப்புத் தகடுகளோடு சேர்த்து ஒரே உருக்குக் கட்டையிலிருந்து கடைந்தெடுக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். ஈயம் கலந்த, எளிதில் கடையக்கூடிய மென் உருக்கு வாங்கினேன். செய்த தவறு வரிசையில் இருந்தது. உள்துளையை 41.1 மி.மீ. வரை அழகாகக் கடைந்து முடித்துவிட்டு, அதன்பிறகு 2.4 மி.மீ. அகலப் பார்ட்டிங் டூலால் 9 மி.மீ. ஆழத்துக்குத் தகட்டு இடைவெளிகளை வெட்டத் தொடங்கினேன். நான்காவது இடைவெளியிலேயே கருவி அதிரத் தொடங்கியது. வேகத்தை நிமிடத்துக்கு 90 சுற்றுகளாகக் குறைத்து, எண்ணெயைத் தாராளமாக விட்டு ஒருவழியாக முடித்தேன். பிறகு உள்விட்டம் அளக்கும் போர் கேஜை உள்ளே விட்டுப் பார்த்தால், துளை நடுவில் ஒரு அளவும் வாயில் ஒரு அளவுமாக 0.03 மி.மீ. விரிந்திருந்தது. வெளியே அத்தனை உலோகத்தை வெட்டியெடுத்ததும் உள்ளே அடங்கியிருந்த இறுக்கம் தளர்ந்து, மெல்லிய சுவர் தன் போக்கில் அசைந்துவிட்டது. அதை லேப்பிங்கில் (நுண்பசையிட்டுத் தேய்ப்பதில்) சரிசெய்துவிடலாம் என்று இரண்டு வாரம் முயன்றதும் வீண். அந்தச் சிலிண்டர் இப்போது கருவிப் பெட்டியில் அளவுகோலாகக் கிடக்கிறது.

இரண்டாவது சிலிண்டரில் வரிசையைத் திருப்பினேன். லேத்தின் மறுமுனையில் கட்டையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கின் துணையோடு முதலில் தகடுகள். பிறகு 18 மி.மீ. துளை, கட்டையை ஒரு இரவு அப்படியே விட்டுவைத்து, மறுநாள் உள்துளையை 41.15 மி.மீ. வரை கடைந்து, எஞ்சிய 0.05 மி.மீ. அளவை லேப்பிங்குக்கு ஒதுக்கினேன். பிளவுள்ள அலுமினிய லேப் ஒன்றைச் சரிவான தண்டில் ஏற்றி, 400 தர சிலிக்கன் கார்பைடு பசையில் தொடங்கி 600-க்கு மாறினேன். இந்த வேலையில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்றைக் கற்றுக்கொண்டேன்: தேய்த்த சூட்டோடு அளக்கக் கூடாது. 41 மி.மீ. உருக்கு ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் ஏறக்குறைய அரை மைக்ரான் (0.0005 மி.மீ.) விரியும். கையில் பிடித்துத் தேய்த்ததில் பத்துப் பாகை ஏறியிருந்தால், அளவு 5 மைக்ரான் பொய் சொல்லும். நானோ பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே 8 மைக்ரான் இடைவெளிக்காகப் போராடிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறை துடைத்ததும் சிலிண்டர், போர் கேஜ், மைக்ரோமீட்டர் மூன்றையும் ஒரே இரும்புப் பலகை மீது ஒரு மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு அளப்பது என்று வழக்கமாக்கிக்கொண்ட பிறகுதான் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போயின.

பிஸ்டன் தனிக்கதை. காக்ஸ் பிஸ்டனில் கனெக்டிங் ராடின் மேல்முனை ஒரு பந்தாக இருக்கும். பிஸ்டனின் உட்கூரையில் உள்ள குழியில் அந்தப் பந்தை இட்டு, குழியின் உதட்டை அடித்து மடக்கிப் பிடிக்க வைத்திருப்பார்கள். நான் 14 மி.மீ. பந்தைக் கடைந்து, குழியை அதற்கு 0.05 மி.மீ. தளர்வாகச் செய்தேன். பிஸ்டனின் மேற்பரப்பு கடினமாக இருக்க வேண்டும் என்பதால் கரித்தூள் கலவை நிறைத்த இரும்புப் பெட்டிக்குள் மூடி, 900 பாகை செல்சியஸில் நான்கு மணி நேரம் வைத்து, நீரில் அமிழ்த்தினேன். வெளிப்புறம் அரம் ஏறாத அளவுக்கு இறுகியது. பிறகு பந்தை இட்டு உதட்டின் மீது அடித்த மூன்றாவது அடியில், கண்ணாடி விரிசல் விடுவதுபோல் ஒரு மெல்லிய ஓசை கேட்டது. உதட்டின் கால்வாசி உடைந்து மேசையில் விழுந்தது.

பழைய பேப் பீ பிஸ்டனை எடுத்து விளக்கடியில் வைத்துப் பார்த்தபோது, உட்புறம் முழுவதும் மங்கிய செம்பு நிறம் தெரிந்தது. அதற்கு முன் எத்தனையோ முறை பார்த்தும் அதை எண்ணெய்க் கறை என்றே நினைத்திருந்தேன். செம்புப் பூச்சு இருக்கும் இடத்தில் கரி உருக்குக்குள் ஊடுருவாது. ஆகவே உதடு மென்மையாகவே நின்று மடங்கும். பதில் கையிலேயே இருந்தது, நான்தான் கேள்வி கேட்கவில்லை. வீட்டில் உறுதியான செம்புப் பூச்சு ஏற்றும் வசதி எனக்கு இல்லை என்பதால் வேறு வழியில் போனேன். குழியின் உதட்டில் 1.5 மி.மீ. கூடுதல் உலோகத்தை விட்டுக் கரியேற்றினேன். பெட்டியோடு மெல்ல ஆறவிட்டு, கரியேறிய அந்த அடுக்கைக் கடைந்து நீக்கிய பிறகே மீண்டும் சூடேற்றி அமிழ்த்தினேன். உதடு இம்முறை வெண்ணெய்போல் மடங்கியது. அமிழ்த்தியதில் பிஸ்டன் 0.04 மி.மீ. நீள்வட்டமாகியிருந்தது, விட்டத்தில் 0.25 மி.மீ. மிச்சம் வைத்திருந்ததால், லேத்தில் பொருத்தும் சாணைக்கருவியான டூல்போஸ்ட் கிரைண்டரில் வட்டமாக்க முடிந்தது.

கிராங்க் கேஸும் தண்டும் இதனோடு ஒப்பிட்டால் எளிது. கேஸை அலுமினியக் கட்டையிலிருந்து கடைந்தேன். மூலத்தில் தண்டு நேரடியாக அலுமினியத்திலேயே சுழலும். நானும் அப்படியே விட்டேன். அரை மணி நேர ஓட்டத்தில் முன்பக்கத்தில் 0.08 மி.மீ. ஆட்டம் வந்துவிட்டதால், பிறகு தண்டைத் தாங்கும் உள்வளையமாக வெண்கல புஷ் அழுத்திச் சேர்த்தேன். இந்த ஒரு விலகலுக்கு எனக்கு வருத்தமில்லை.

ரீட் வால்வில் மூன்று தகடுகள் வீணானதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 0.3 மி.மீ. ஸ்பிரிங் உருக்கில் வெட்டிய முதல் இரண்டும் ஓரம் தட்டையாக அமராமல் காற்றைத் திருப்பி உமிழ்ந்தன. மூன்றாவது நன்றாக அமர்ந்து, ஓட்டத்தின்போது முனை முறிந்து கேஸுக்குள் விழுந்தது. மின்சுற்றுப் பலகை செய்யப் பயன்படும் கண்ணாடியிழைத் தகட்டில், 0.4 மி.மீ. கனத்தில், கூரிய கத்தரியால் வெட்டி ஓரத்தை நுண்தாளில் தேய்த்து வைத்தது இன்றுவரை உழைக்கிறது. முறிந்தாலும் அது சிலிண்டரைக் கீறாது என்பது கூடுதல் நன்மை.

எரிபொருள், கொள்ளளவில் 70 விழுக்காடு மெத்தனால், 20 விழுக்காடு ஆமணக்கு எண்ணெய், 10 விழுக்காடு நைட்ரோமீத்தேன். மெத்தனால் தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே ஒரு வாளி நீரும் ஈரத்துணியும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் ஒரு முறைகூட ஓட்டியதில்லை. என்ஜினைக் கனமான இரும்பு மேசையில் நான்கு போல்ட்டுகளால் கட்டி, 24 அங்குல விட்டமும் 12 அங்குலப் பிட்சும் (ஒரு சுற்றில் முன்னேறும் கணக்குத் தூரம்) உள்ள மரப் புரொப்பெல்லரைப் பொருத்தினேன். மூலத்துக்கு உரிய 6-க்கு 3 புரொப்பெல்லரின் சரியான நான்கு மடங்கு அது. அதன் சுழற்சித் தளத்தில் யாரும் நிற்காதபடி இருபுறமும் கயிறு கட்டி மறித்தேன்.

முதல் முயற்சியில் அழுத்த விகிதத்தை மூலத்தில் நான் அளந்தபடியே 8-க்கு 1 என்று வைத்திருந்தேன். மின் ஸ்டார்ட்டரை வைத்த அரை விநாடியில் என்ஜின் எதிர்த்திசையில் உதைத்து, ஸ்டார்ட்டரை என் கையிலிருந்து பிடுங்கி எறிந்தது. புரொப்பெல்லர் திருகு இரண்டு சுற்றுக் கழன்றிருந்தது. மின்பொறிக்குப் பதிலாகச் சூடான கம்பிச்சுருளால் பற்றவைக்கும் குளோ பிளக் என்ஜினில் தீப்பற்றும் நேரத்தைத் தீர்மானிக்கத் தனி உறுப்பு எதுவும் இல்லை. அழுத்தமும் கம்பியின் சூடும் எரிபொருளும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன. சிறிய என்ஜின் நிமிடத்துக்கு 15,000 சுற்றில் ஓடும். நான்கு மடங்கு பெரியதோ அதே பிஸ்டன் வேகத்துக்கு 3,800-ஐ ஒட்டித்தான் சுழலும். அழுத்தப்பட்ட கலவைக்குச் சூடேற நான்கு மடங்கு நேரம் கிடைப்பதால், பிஸ்டன் மேலே வந்து சேருமுன்பே அது பற்றிக்கொள்கிறது. தலைப்பகுதியின் கீழ் 0.5 மி.மீ. செம்பு வளையங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். ஒரு வளையம் 0.67 சி.சி. இடம் தரும். மூன்றாவது வளையத்தில், ஏறக்குறைய 6.5-க்கு 1 என்ற விகிதத்தில், உதைப்பது நின்றது.

அடுத்த முயற்சியில் என்ஜின் பற்றி, 20 விநாடிகள் மிக அழகாக ஓடி, கூர்மையான கீச்சொலியோடு இறுகி நின்றது. கழற்றிப் பார்த்தபோது கீறல்கள் அனைத்தும் வெளியேற்றுத் துளைக்குக் கீழே, சிலிண்டரின் அடிப்பகுதியில் இருந்தன. மேல்பகுதி கண்ணாடியாக இருந்தது. இடைவெளி குறையக் குறைய அழுத்தம் கூடும் என்ற எண்ணத்தில் 8 மைக்ரானில், மேலும் கீழும் ஒரே அளவாக, லேப் செய்தது என் பிழை. பிஸ்டன் தன்னைச் சுற்றியுள்ள சுவரைவிட 50 பாகை கூடுதலாகச் சூடேறினால், 10.3 மி.மீ. பிஸ்டன் 6 மைக்ரான் பருக்கும், 41.2 மி.மீ. பிஸ்டன் 25 மைக்ரான் பருக்கும். என் 8 மைக்ரானில் அதற்கு இடமே இல்லை. காக்ஸ் சிலிண்டர்கள் மேல்நோக்கிக் குறுகும்படி செய்யப்பட்டவை என்பதைப் படித்திருந்தேன், ஆனால் அது எத்தனை இன்றியமையாதது என்பது அப்போதுதான் உறைத்தது.

கீறல் போகும்வரை சிலிண்டரை 41.26 மி.மீ.க்கு லேப் செய்தேன். பிறகு நீளம் குறைந்த லேப் ஒன்றைச் செய்து, கீழ்ப்பகுதியில் கூடுதல் தேய்ப்புகள் கொடுத்து, மேலிருந்து அடிவரை 0.035 மி.மீ. சரிவை உருவாக்கினேன். இது மட்டும் 22 மணி நேரம் எடுத்தது. மூன்றாவது பிஸ்டன், குளிர்ந்த நிலையில், மேல்முனைக்கு 3 மி.மீ. முன்பு இறுக்கமாகப் பிடிக்கத் தொடங்குகிறது. அதற்குக் கீழே தன் எடையிலேயே வழுக்கி இறங்குகிறது. சூடானதும் மேல்பகுதி விரிந்து அந்த இறுக்கம் மறைந்துவிடுகிறது. அதன்பிறகு ஒருமுறைகூட இறுகவில்லை.

இப்போது வேறு தொல்லை. பேட்டரி இணைப்பு இருக்கும்வரை ஓடும். கழற்றிய மூன்று விநாடிகளில் அணைந்துவிடும். மூலத்தில் தலைப்பகுதியே குளோ பிளக்; அந்தக் கம்பிச்சுருளை நான்கு மடங்காக்கினால் எந்தச் சாதாரண பேட்டரியாலும் அதைச் சிவக்கவைக்க முடியாது என்பதால், வெளித்தோற்றத்தை மட்டும் மூலம்போல் கடைந்து, நடுவில் வழக்கமான பிளக்குக்கு மரை வெட்டியிருந்தேன். அந்தச் சிறு சுருள் மெத்தனால் ஆவியோடு வினைபுரிந்து தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். 15,000 சுற்றில் ஒரு தீப்பற்றலுக்கும் அடுத்ததற்கும் 4 மில்லிவிநாடிதான். 3,600 சுற்றில் 17 மில்லிவிநாடி. அதற்குள் சுருள் ஆறிவிடுகிறது. மூன்று விதப் பிளக்குகளை மாற்றிப் பார்த்துச் சலித்த பிறகு, நான்கு-வீச்சு மாதிரி என்ஜின்களுக்கென விற்கப்படும் சூடான வகைப் பிளக்கை முயன்றேன். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மட்டுமே பற்றும் என்ஜினுக்காக வடிவமைக்கப்பட்டது அது. என் தேவையும் அதுவே. பேட்டரியைக் கழற்றியும் ஓட்டம் தளரவில்லை. அந்த மாலையின் மகிழ்ச்சியை இன்னும் மறக்கவில்லை.

மிஞ்சியது தொட்டி. நிரப்பியதும் எரிபொருள் தானாகவே காற்று நுழையும் குழலான வெஞ்சுரிக்குள் வழிந்து என்ஜினை மூழ்கடித்தது. பாதி தீர்ந்ததும் கலவை மெலிந்து நின்றது. காற்று உறிஞ்சும் விசை சிறிய என்ஜினில் இருந்த அளவேதான், ஆனால் தொட்டியின் உயரம் 20 மி.மீ.இலிருந்து 80 மி.மீ. ஆகிவிட்டது. எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியான நீடிலை எங்கே வைத்தாலும் முழுத் தொட்டிக்கும் அது பொருந்தவில்லை. கிராங்க் கேஸின் அழுத்தத்தை 0.8 மி.மீ. துளை வழியாகவும் சிறு குண்டு வால்வு வழியாகவும் தொட்டிக்குக் கொடுத்து, அதற்கேற்ப நுண்ணிய நீடில் ஒன்றைக் கடைந்தேன். இப்போது நீடிலை மூடிவைத்து, சுழற்றத் தொடங்கிய பிறகே திறக்கிறேன். முதல் நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும் டாக்கோமீட்டர் 3,600-ஐ விட்டு 50 சுற்றுக்கு மேல் விலகவில்லை.

மொத்த உழைப்பு ஏறக்குறைய 410 மணி நேரம். அதில் லேப்பிங் மட்டும் 90. செலவில் பாதி போர் கேஜுக்கும் டூல்போஸ்ட் கிரைண்டருக்கும் போயிற்று. அவை இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம் என்றே சொல்வேன். ஐந்தில் ஒரு பங்கு வீணான உருக்கு; எஞ்சியது எரிபொருளும் பிளக்குகளும்.

மறுமுறை செய்தால் மூன்று மடங்கோடு நிறுத்துவேன். 22 சி.சி. வரும், பிஸ்டன் 31 மி.மீ.க்குள் அடங்கும், ஏறக்குறைய 5,000 சுற்றில் ஓடும் என்பதால் பிளக்கும் அழுத்தமும் இத்தனை சோதிக்காது. சரிவான உள்துளையை முதல் நாளிலிருந்தே வரைபடத்தில் குறித்துக்கொள்வேன். வெண்கல புஷ்ஷும் தொடக்கத்திலேயே இருக்கும். அதற்கான உருக்குக் கட்டையில் தகடுகளை மட்டும் வெட்டி, துளையிடாமல் மேசையில் நிறுத்திவைத்திருக்கிறேன்.